கொளத்தூர் மாடியில் ஒரு குட்டிக் கடல்!

வில்லிவாக்கம் ஸ்டேஷன்ல இறங்கி, ஷேர் ஆட்டோவுல ஏறி "கொளத்தூர் மீன் மார்க்கெட்"னு சொல்லிப் பாருங்க. டிரைவர் திரும்பி ஒரு கேள்வி கேட்பார்.

"திங்கிற மீனா, பாக்குற மீனா தம்பி?"

நம்ம மேட்டர் பாக்குற மீன். அதுவும் ஆரஞ்சு உடம்பு, மூணு வெள்ளைப் பட்டை, 2003-ல 'ஃபைண்டிங் நீமோ' படம் வந்ததுக்கு அப்புறம் உலகத்துல எல்லாக் குழந்தைக்கும் பேர் தெரிஞ்ச மீன். நீமோ! தமிழ்ல கோமாளி மீன். கடைக்காரங்க வாயில 'க்ளவுன்'. இந்த மீன் ஒரு வீட்டுல முட்டை போட்டு, குஞ்சு பொரிச்சு, வளர்ந்து கோடு விழற வரைக்கும் பக்கத்துல இருந்து பாக்கணும்கறதுதான் எனக்கு ஆசை. மூணு வாரம் காலேஜ் முடிஞ்ச கையோட கொளத்தூருக்கு ஓடினேன். வாங்க, நீங்களும் கூட வாங்க!

மார்க்கெட் தெருவுல நுழைஞ்சதும் முதல்ல காதுல விழறது 'ஸ்ஸ்ஸ்'னு ஏர் பம்ப் சத்தம். கடை வாசல்ல பாலிதீன் பைகள் பலூன் மாதிரி தொங்குது. ஒண்ணுல கோல்டு ஃபிஷ், ஒண்ணுல ஏஞ்சல், ஒண்ணுல மோலி. சண்டைக்கார ஃபைட்டர் மட்டும் தனித்தனி பாட்டில்ல, பக்கத்து பாட்டில்காரனை முறைச்சுக்கிட்டு நிக்குது. இந்த ஏரியாவுல பல குடும்பங்களுக்கு மீன் வளர்ப்புதான் தொழில். மாடியில சிமென்ட் தொட்டி, வீட்டுக்குப் பின்னாடி தொட்டி, இடம் பத்தலைன்னா செங்குன்றம் பக்கம் குட்டை.

ஆனா ஒரு விஷயம் கவனிங்க. இங்கே பிறக்கறது பெரும்பாலும் நல்ல தண்ணி மீன். கப்பியை எடுத்துக்கோங்க... அது குட்டியாவே போடும். அவிச்ச முட்டையோட மஞ்சக்கருவைத் துணியில கட்டித் தண்ணியில பிழிஞ்சு விட்டா, குட்டி தின்னுட்டு வளர்ந்துடும். கடல் மீன் குஞ்சுகிட்ட அந்தப் பாச்சா பலிக்காது. அதை முயற்சி பண்ணி, பல தடவை தோத்து, விடாம நிக்கிற ஒரு அக்கா இந்தத் தெருக்களுக்குள்ள இருக்காங்க. "பேரு, போட்டோ எல்லாம் வேணாம்ப்பா. மீனைப் பத்தி எழுது"ன்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க. அதனால அவங்க நமக்கு அக்கா, அவ்ளோதான்! வீட்டுக்காரர் கீழே கப்பி, மோலி வியாபாரம். மாடியில, பத்துக்குப் பத்து ஷீட் ரூம்ல அக்காவோட கடல்.

அப்பா அம்மாவான கதை!

ரூமுக்குள்ள முதல் டேங்க்ல ஒரு ஜோடி. ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. "பெருசு அப்பாவாக்கா?"ன்னு கேட்டேன். அக்கா சிரிச்சாங்க.

"இங்க எல்லாமே தலைகீழ் தம்பி. பெருசு பொண்ணு. சின்னதுதான் பையன்."

கோமாளி மீன் எல்லாமே ஆணாத்தான் பிறக்குது. கூட்டத்துல எது பெருசா, கெத்தா இருக்கோ அது பெண்ணா மாறிடும். அதுக்கு அடுத்த சைஸ்தான் புருஷன். மத்தது எல்லாம் வளராம வெயிட்டிங் லிஸ்ட். பெண் செத்துட்டா ஆண் பெண்ணா மாறும், வெயிட்டிங் லிஸ்ட்ல முதல் ஆளுக்குப் புரமோஷன்! அப்படிப் பாத்தா, நீமோவோட அம்மா செத்ததும் அவங்க அப்பா அம்மாவா மாறியிருக்கணும். டைரக்டர் நல்லவேளை அதைப் படத்துல வைக்கலை.

அதனால ஜோடி சேக்கறதும் சுலபம். ஒரு பெரிய குட்டி, ஒரு சின்னக் குட்டி ஒண்ணா விட்டா போதும். முதல்ல கடி, துரத்தல், சின்னது உடம்பை உதறிச் சரண்டர் ஆகும், அப்புறம் சமாதானம். ஆனா முட்டைக்குப் பொறுமை வேணும். அக்காவோட ஜோடி முதல் முட்டை வெக்க ஒண்ணேகால் வருஷம் எடுத்துச்சு.

கடல்ல இந்த மீனுக்குக் கடல் சாமந்திதான் வீடு. அதோட கொட்டும் கைகளுக்கு நடுவுல மத்த மீன் போனா கதை முடிஞ்சுது. கோமாளி மீன் உடம்புல இருக்கற சளிப் படலம் அதைக் காப்பாத்துது. டேங்க்ல சாமந்தி கட்டாயம் இல்லை. அக்கா வெச்சிருக்கறது நர்சரியில வாங்கின ஒரு மண் பூந்தொட்டி. குப்புறக் கவுத்து, ஒரு பக்கம் வாசல் உடைச்சு வெச்சிருக்காங்க. தம்பதி அதுல குடித்தனம்!

நான் முதல்ல போனது புதன்கிழமை. தொட்டிச் சுவர்ல, உள்ளங்கை அளவுக்கு, குட்டிக் குட்டி மாத்திரை மாதிரி முட்டைகள். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் வெச்சது. அன்னைக்கு ஆரஞ்சு, இன்னிக்குக் கறுப்பு தட்டுது பாரு"ன்னாங்க. மஞ்சக்கரு கரையக் கரைய நிறம் மாறுமாம். சின்ன மீன், அதாவது அப்பா, அந்த இடத்தை விட்டு நகரலை. துடுப்பால விசிறிக்கிட்டே இருக்கு. செத்த முட்டையை வாயால பிடுங்கி எறியுது. நான் விரலைக் கண்ணாடிக்கிட்ட கொண்டு போனேன். 'டொக்'னு ஒரு முட்டு. என் விரலோட பாதி சைஸ் இருக்காது, வீரத்தைப் பாருங்க!

கேன்ல வந்த கடல்

கொளத்தூர்ல கடல் ஏது? அக்கா கேன்ல கொண்டு வராங்க. விடியக்காலை லோடு ஆட்டோவுல 20 லிட்டர் கேன் பத்து ஏத்திக்கிட்டு ஈ.சி.ஆர். வழியா கோவளம் போறாங்க. "எண்ணூர் கிட்டதானேக்கா?"ன்னேன். "2023-ல எண்ணூர் கழிமுகத்துல எண்ணெய் பரவுச்சே, மறந்துட்டியா? எனக்கு அந்தத் தண்ணி மேல பயம்"னாங்க. கொண்டு வந்த தண்ணியை மூடின டிரம்ல தெளிய விட்டு, வடிகட்டி, உப்பு அளவு பாத்துத்தான் டேங்க்குக்கு.

அதே 2023 டிசம்பர்தான் அக்காவுக்கு மறக்க முடியாத மாசம். மிக்ஜாம் புயல். தெருவுல தண்ணி. கரன்ட் கட். பேட்டரி ஏர் பம்ப் முதல் ராத்திரியே மூச்சை விட்டுருச்சு. காத்து இல்லைன்னா மீன் தவிச்சுடும். அக்காவும் வீட்டுக்காரரும் மாத்தி மாத்தி, மக்ல தண்ணியை மொண்டு உயரத்துல இருந்து திரும்ப டேங்க்லயே ஊத்தினாங்களாம். ரெண்டு ராத்திரி!

"ஜோடி பொழைச்சுது. ஒரு மாசத்துக் குஞ்சு அறுபது இருந்துச்சு. ஒண்ணும் தேறலை."

சொல்லும்போது அக்கா டேங்கைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அதுக்கப்புறம் அந்த ஜோடி எட்டு மாசம் முட்டையே வெக்கலை.

"அப்போ விட்டுடலாம்னு தோணலையாக்கா?"

"தோணுச்சு. ஆனா நான் முதல்ல வாங்கினது கடல்ல பிடிச்ச ஜோடி. மூணாம் நாளே செத்துப்போச்சு. இன்னொண்ணு வாங்கினா அதுவும் எங்கேயோ ஒரு பாறையில இருந்து எடுத்ததாத்தான் இருக்கும். காசு கொடுத்துத் திரும்பத் திரும்ப சாவடிக்கிறதுக்கு, இங்கேயே பொறக்க வெக்கலாமேன்னு பிடிவாதம்."

லைட் ஆஃப்... ஆக்‌ஷன்!

ஞாயிறு சாயங்காலம் போன் வந்துச்சு. "கண்ணு வெள்ளியா மின்னுது. ஏழு மணிக்குள்ள வா." தண்ணி 28 டிகிரி இருந்தா ஏழெட்டு நாள்ல பொரியும். எப்பவும் இருட்டினதுக்கு அப்புறம்தான். பகல்ல பொரிஞ்சா பாக்கிற மீன் எல்லாம் தின்னுடும் இல்லையா!

டார்ச் வெளிச்சத்துல தொட்டியைப் பாத்தேன். ஒவ்வொரு முட்டையிலயும் ரெண்டு வெள்ளிக் கண்ணு. நூத்துக்கணக்கான ஜோடிக் கண்ணு நம்மளையே பாக்குது. வைவா ஹால்கூட அவ்ளோ பயமா இருந்ததில்லை!

அக்கா தொட்டியைத் தண்ணியோட ஒரு பக்கெட்ல மொண்டு, குஞ்சு டேங்க்குக்கு மாத்தினாங்க. அந்த டேங்கோட நாலு பக்கமும் கறுப்புத் தாள். முட்டைக்குக் கீழே ஒரு ஏர் ஸ்டோன். இதுவரைக்கும் அப்பா விசிறின வேலையை இனிமே அதுதான் பாக்கணும். அந்தப் பக்கம் அப்பா மீன், தொட்டி இருந்த காலி இடத்தைச் சுத்திச் சுத்தி வந்துச்சு. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. அக்கா கூலா சொன்னாங்க, "ஃபீல் பண்ணாதே. முட்டையா இருக்கிற வரைக்கும்தான் பாசம். பொரிஞ்சு நீந்துச்சுன்னா ரெண்டும் சேந்து தின்னாலும் தின்னும்!"

லைட் ஆஃப். வெளியில உக்காந்து டீ. எட்டரைக்கு டார்ச்சோட உள்ளே போனோம். வெளிச்சம் பட்ட மூலையில ஊசிமுனை மாதிரி என்னமோ துடிக்குது. ஒண்ணு... பத்து... நூறு. கண்ணாடி மாதிரி உடம்பு, ரெண்டு கண்ணு, ஒரு வால். நீளம் மூணு, நாலு மில்லிமீட்டர்தான். நான் ஆர்வக்கோளாறுல போனை எடுத்தேன்.

"ஃபிளாஷ் போட்டே, கையை உடைப்பேன்!"

திடீர் வெளிச்சம் குஞ்சுக்கு அதிர்ச்சியாம். அன்னைக்கு நைட் போட்டோ இல்லை. நோட்டுல மட்டும் ஒரு வரி ஏறுச்சு: 'பொரிச்சது சுமார் 250.'

பத்து நாள் பரீட்சை

இங்கேதான் நிஜமான கதை ஆரம்பிக்குது. கடல்ல பொரிஞ்ச குஞ்சு பெத்தவங்களை விட்டு மேலே போய், பத்துப் பன்னிரண்டு நாள் நீரோட்டத்துல மிதக்கும். கண்ணுக்குத் தெரியாத உயிர்களைத் தின்னும். அப்புறம் வாசனை பிடிச்சு ஒரு கடல் சாமந்தியைத் தேடி வரும். சாப்பாடு, மிதமான வெளிச்சம், அலை, சுத்தமான தண்ணி எல்லாத்தையும் கடல் சும்மா கொடுக்குது. மாடியில? எல்லாமே அக்காதான்!

குஞ்சோட வாய் அவ்ளோ சின்னது. பவுடர் தீனி போட்டா அது அசையாது, குஞ்சும் தொடாது. உயிரோட நெளியற, கால் மில்லிமீட்டர்கூட இல்லாத ஒண்ணு வேணும். அதுக்குப் பேர் ரோட்டிஃபர். அதை வளக்கணும். அது திங்கப் பச்சைப் பாசித் தண்ணி வேணும். அதையும் வளக்கணும். ஜன்னலோரம் ட்யூப் லைட் அடியில வரிசையா பாட்டில்கள், இளம்பச்சையில இருந்து கரும்பச்சை வரைக்கும். ஆக, குஞ்சு வளக்கணும்னா முதல்ல அதோட சாப்பாட்டை வளக்கணும், அதுக்கு முன்னாடி சாப்பாட்டோட சாப்பாட்டை வளக்கணும். முட்டை வெச்சதுக்கு அப்புறம் இதை ஆரம்பிச்சா லேட். குஞ்சு பட்டினியில போயிரும்.

அக்காகிட்ட ரோட்டிஃபர் பக்கெட் எப்பவும் ரெண்டு. ஏன்னு நாலாம் நாள் எனக்குப் புரிஞ்சுது. மாடிப்படி ஏறும்போதே ஒரு நாத்தம். முதல் பக்கெட் தண்ணி அழுக்கு வெள்ளையா கிடக்கு. மத்தியான வெயிலுக்கு ஷீட் ரூம் கொதிச்சதுல மொத்த ரோட்டிஃபரும் காலி. குஞ்சு டேங்க் அடியில வெள்ளைத் தூசி மாதிரி செத்த குஞ்சுகள். எனக்கு வாய் வரலை. அக்கா ஒரு வார்த்தை பேசாம முதல் பக்கெட்டைச் சாக்கடையில கொட்டினாங்க. ரெண்டாவதுல இருந்து மெல்லிய சல்லடையில வடிச்சு, பாதியைக் குஞ்சுக்கு விட்டு, பாதியைப் புதுத் தண்ணியில பெருக்க விட்டாங்க. அப்புறம் மெல்லிசான ஏர் ட்யூபால செத்ததை எல்லாம் ஒவ்வொண்ணா உறிஞ்சி எடுத்தாங்க. ரெண்டு மணி நேரம். கழுத்தே நிமிரலை. உயிரோட இருந்தது நூத்தைம்பது இருக்கும்.

சிவப்பு மை நோட்டு

ரூம் மூலையில ஒரு லாங் சைஸ் நோட்டு தொங்குது. முட்டை வெச்ச தேதி, பொரிச்ச தேதி, எத்தனை செத்துச்சு, ஏன் செத்துச்சு. புயலுக்கு அப்புறம் மட்டும் பதினோரு வரி. அதுல தேறினது மூணு. 'ஏன்' கட்டத்துல பல இடத்துல 'தெரியல' 'தெரியல' 'தெரியல'.

இன்ஜினீயரிங் மூளை சும்மா இருக்குமா? உக்காந்து டேபிள் போட்டேன். நாலு தடவை எட்டு, ஒம்பதாம் நாள்ல மொத்தமா போயிருக்கு. அந்த நாலு தடவையும் ஆறாம் நாளே ரோட்டிஃபரை நிறுத்திட்டு ஆர்ட்டீமியாவுக்கு மாறியிருக்காங்க. ஆர்ட்டீமியான்னா காஞ்ச முட்டையா டப்பாவுல வரும், உப்புத் தண்ணியில போட்டு ஒரு நாள் காத்தடிச்சா குட்டி இறால் மாதிரி பொரியும். "அக்கா, கண்டுபிடிச்சுட்டேன்! சட்டுனு மாத்தக்கூடாது. ரெண்டையும் கலந்து கொடுக்கணும்"னு கத்தினேன். அக்கா நோட்டோட கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாங்க. சிவப்பு மையில, அடிக்கோடு போட்டு: 'ரோட்டிஃபரை நிறுத்தாதே. கலந்து கொடு. ஆர்ட்டீமியாவுக்குச் சத்து ஏத்து.'

"ஒரு வருஷம் முன்னாடி எழுதினது. நீ ஒரு மணி நேரத்துல கண்டுபிடிச்சுட்டே, பரவாயில்லை"ன்னு சொல்லிச் சிரிச்சாங்க. அந்த ஒரு வரிக்கு விலை நாலு பேட்ச் குஞ்சு. நான் அமைதியா டேபிளை மடிச்சு வெச்சுக்கிட்டேன்.

அந்தச் 'சத்து' விஷயம் முக்கியம். புதுசாப் பொரிச்ச ஆர்ட்டீமியாவுல குஞ்சுக்குத் தேவையான சில கொழுப்பு அமிலங்கள் குறைவு. வயிறு ரொம்பும், உடம்பு தேறாது. நம்ம ஹாஸ்டல் மெஸ் மாதிரி! அதனால சத்து எண்ணெய் கலந்த தண்ணியில ஆர்ட்டீமியாவைக் கொஞ்ச நேரம் ஊற விட்டுத்தான் கொடுக்கணும்.

முதல் கோடு

பத்தாம் நாள். உள்ளே போனதும் அக்கா கையில டார்ச்சைத் திணிச்சாங்க. "இடது மூலை. அடியில பாரு."

அதுவரைக்கும் மேலே மிதந்துக்கிட்டு இருந்த கண்ணாடித் துண்டுகள்ல சிலது கீழே இறங்கியிருக்கு. உடம்புல லேசா ஆரஞ்சு. ஒண்ணுக்குத் தலைக்குப் பின்னாடி, பென்சிலால இழுத்த மாதிரி, ஒரு வெள்ளைக்கோடு. முதல் கோடு! முன்னாடி ரெண்டு மில்லிமீட்டர் தூரம் தள்ளி நின்னு, உடம்பை ஆட்டி ஆட்டி நீந்துது. சைஸ் அரிசி அளவுகூட இல்லை, நடை மட்டும் அப்படியே பெரிய மீன்.

"கோடு விழுந்தா பாதிக் கிணறு தாண்டியாச்சு"ன்னாங்க அக்கா. குரல் கம்மியிருந்துச்சு. நானும் டார்ச்சை அணைச்சுட்டுக் கொஞ்ச நேரம் இருட்டுல நின்னேன்.

இருபதாம் நாள் எண்ணிப் பாத்தோம். வலை போட்டா குஞ்சு உடம்பு காயம் ஆகும், அதனால வெள்ளைக் கப்பால மொண்டு மொண்டு எண்ணணும். எழுபத்து மூணு. இருநூத்தைம்பதுல எழுபத்து மூணு! என் இன்டர்னல் மார்க் கணக்குல பாத்தா அரியர்தான். அக்காவுக்கு அது டிஸ்டிங்ஷன். போன தடவை தேறினது பன்னிரண்டு.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி...

நம்ம மன்னார் வளைகுடாப் பக்கமும் கோமாளி மீன் இருக்கு, தெரியுமா? 'செபே'ன்னு ஒரு வகை. கறுப்பு உடம்பு, வெள்ளைப் பட்டை. மண்டபத்துல இருக்கற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தோட மையமும், பரங்கிப்பேட்டையில அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைத் தொட்டியில பொரிக்க வைக்கிற வேலையைச் செஞ்சு காட்டியிருக்காங்க. அமெரிக்காவுல 1970-கள்லயே இது வந்தாச்சு. ஆக, இந்த மீனைக் கடல்ல இருந்து எடுத்தே ஆகணும்னு கட்டாயம் இல்லை. ஆனா கடைத் தொட்டியில ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல நீந்தும். பாத்தா ஒரே மாதிரிதான் இருக்கும்.

அதனால நீமோ வாங்க ஆசைப்பட்டா, நாலு விஷயம்:

ஒண்ணு, "தொட்டியில பிறந்ததா, கடல்ல பிடிச்சதா?"ன்னு கேளுங்க. பதில் தெளிவா வரலைன்னா நடையைக் கட்டுங்க.

ரெண்டு, உங்க கண்ணு முன்னாடி ரெண்டு பெல்லட் தீனி போடச் சொல்லுங்க. தொட்டியில பிறந்தது ஓடி வந்து கவ்வும். கோடு கொஞ்சம் கோணலா இருக்கா? பயப்படாதீங்க, தொட்டியில வளர்ற குஞ்சுகளுக்கு அது சகஜம்.

மூணு, அழகா இருக்கேன்னு கடல் சாமந்தியை முதல் நாளே வாங்காதீங்க. அதைக் காப்பாத்தறது மீனைவிடக் கஷ்டம். பவளம் பக்கமே போகாதீங்க. கடல்ல இருந்து எடுத்த பவளம் வெச்சிருந்தா வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

நாலு, டேங்கை முதல்ல ஓட விட்டு, தண்ணி பழகினதுக்கு அப்புறம் மீன். அதுக்கே ஒரு மாசம் ஆகும். அந்த ஒரு மாசம் பொறுமை இல்லைன்னா, ப்ளீஸ், போஸ்டர் வாங்கி ஒட்டிக்கோங்க!

கடைசி நாள் கிளம்பும்போது பெரிய டேங்கை எட்டிப் பாத்தேன். பூந்தொட்டிச் சுவர்ல மறுபடியும் ஆரஞ்சு மாத்திரைகள். அப்பா விசிறிக்கிட்டு இருக்கு. அக்கா நோட்டை எடுத்துத் தேதி எழுதிட்டு, கூலர் வாங்கக் கணக்குப் போட ஆரம்பிச்சுட்டாங்க. அடுத்த வெயிலுக்குள்ள அந்த ரூமைக் குளுமையாக்கணுமாம்.

நீங்க கொளத்தூர் போனா, டிரைவர்கிட்ட "பாக்குற மீன்"னு சொல்லுங்க. கடைக்காரர்கிட்ட "எங்கே பிறந்த மீன்?"னு கேளுங்க. அந்தக் கேள்வியை நாலு பேர் கேட்டா, அக்கா மாதிரி ஆளுங்களோட எழுபத்து மூணுக்கு ஒரு மரியாதை கிடைக்கும்!